பேட்மேன் உடை: துணியில் தொடங்கிக் கவசம் வரை

அமெரிக்கக் காமிக்ஸ் நாயகர்களில் பேட்மேன் உடலளவில் சாதாரண மனிதர். கோத்தம் நகரத்துச் செல்வந்தரான புரூஸ் வெய்ன் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர் அல்ல. கதிர்வீச்சு பட்டுச் சக்தி பெற்றவரும் அல்ல. தோட்டா பாய்ந்தால் அவருக்கு ரத்தம் வரும். மாடியிலிருந்து விழுந்தால் எலும்பு முறியும். சூப்பர்மேனின் உடை கிழிந்தாலும் சூப்பர்மேனுக்குக் கீறல் விழாது. பேட்மேனின் உடை கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் அவருடைய உடை அடையாளமாக இருந்தால் மட்டும் போதாது, அது வேலையும் செய்ய வேண்டும். 1939இல் வரையப்பட்ட அந்த உடை தலைமுறைதோறும் மாற்றப்பட்டது. முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மாற்றங்கள் பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியவை. 1980களின் நடுவிலிருந்து, இப்படி ஓர் உடையை உண்மையிலேயே தயாரிக்க முடியுமா என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. அதற்கான விடைகளை ஓவியர்களும் திரைப்பட உடை வடிவமைப்பாளர்களும் தங்கள் காலத்து ஆய்வுக்கூடங்களிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

1939: துணி உடை

1938 ஜூன் மாத இதழாக வந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமாகிப் பெரும் வெற்றி பெற்றார். அதே போன்ற இன்னொரு நாயகரைப் பதிப்பகம் தேடியபோது, நியூயார்க்கைச் சேர்ந்த இளம் ஓவியர் பாப் கேன் ஒரு படத்தை வரைந்தார். சிவப்பு நிற இறுக்க உடை, கண்களை மட்டும் மறைக்கும் சிறிய முகமூடி, முதுகில் விறைப்பாக நீட்டிய இரண்டு சிறகுகள் என்று அது இருந்தது. சிறகுகளுக்கு லியனார்டோ டா வின்சி வரைந்த பறக்கும் பொறியே முன்மாதிரி. கேன் அந்தப் படத்தைத் தன் எழுத்தாளர் நண்பர் பில் ஃபிங்கரிடம் காட்டினார். ஃபிங்கர் வெப்ஸ்டர் அகராதியை எடுத்து வௌவால் படத்தைத் தேடி, அதன் காதுகளைச் சுட்டிக்காட்டினார். முழுத் தலையையும் மூடும், காதுகள் துருத்திய முகமூடி, விறைப்பான சிறகுகளுக்குப் பதில் விளிம்பு வளைந்து வளைந்து வெட்டப்பட்ட மேலங்கி, கைரேகை பதியாதபடி கையுறைகள், சிவப்புக்குப் பதில் சாம்பல் நிறம் என்று இன்று உலகம் அறிந்த தோற்றத்தில் பெரும்பகுதி அவர் சொன்ன யோசனை. 1939 மே மாத இதழாக வந்த ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் பேட்மேன் முதன்முதலாகத் தோன்றினார். ஃபிங்கர் 1974இல் மறைந்தார். பேட்மேனின் படைப்பில் அவர் பங்கைப் பதிப்பகம் முறைப்படி ஏற்று அவர் பெயரையும் சேர்த்தது 2015இல்தான். இவ்வளவு பெரிய பங்களிப்புக்கு அது மிகத் தாமதமாக வந்த நீதி.

உடலோடு ஒட்டிய ஆடையும் அதன் மேல் அணியும் அரைக்காற்சட்டையும் சர்க்கஸ் பயில்வான்களிடமிருந்து வந்த வழக்கம். 1936இல் லீ ஃபாக் உருவாக்கிய ஃபேன்டம் இத்தகைய இறுக்க உடையைச் செய்தித்தாள் தொடர்களில் பிரபலமாக்கியிருந்தார். பேட்மேனின் முதல் உடையில் கவசம் எதுவும் இல்லை. இருட்டில் எதிராளியை அச்சுறுத்துவதே அதன் வேலை. கருவிகள் எல்லாம் இடுப்புப் பட்டையில் இருந்தன. சில மாதங்களுக்குள் வாயுக் குளிகைகளும், வீசி எறியும் பேட்டராங்கும் சேர்ந்தன.

கவசம் இல்லாததற்குக் காரணம் ஓவியரின் கற்பனைக் குறைவு அல்ல. அன்றைக்குத் தோட்டாவைத் தடுக்கும் மெல்லிய துணி உலகத்திலேயே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிகாகோவில் காசிமிர் செக்லென் என்ற பாதிரியார் பட்டைப் பல அடுக்குகளாக நெய்து குண்டு துளைக்காத மார்புக் கவசம் செய்தார். மெதுவாக வரும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களை மட்டுமே அது தாங்கியது. அதற்கு மேல் எஃகுத் தகடுதான் வழி. வலிமையான செயற்கை இழையும் அப்போது கைக்கு எட்டவில்லை: டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935இல் உருவாக்கிய நைலான், 1940இல்தான் பெண்களின் காலுறையாக அமெரிக்கா முழுவதும் கடைகளுக்கு வந்தது.

சிறகு விஷயத்தில் நிஜ உலகம் கதையைவிட முன்னே சென்று, அதற்கு உயிரை விலையாகக் கொடுத்திருந்தது. 1912 பிப்ரவரி 4 அன்று பாரிஸில் தையற்கலைஞர் ஃபிரான்ஸ் ரைஷெல்ட், தான் தைத்த பாராசூட் உடையை அணிந்து ஐஃபில் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து குதித்து இறந்தார். 1930களில் அமெரிக்கர் கிளெம் சோன் கைகளுக்கும் கால்களுக்கும் இடையில் துணிச் சிறகு தைத்து விமானத்திலிருந்து குதித்து, காற்றில் வட்டமடித்துக் காட்டினார். தரையை நெருங்கும்போது பாராசூட்டை விரிப்பது அவர் வழக்கம். 1937 ஏப்ரலில் பிரான்சின் வான்சென் நகரில் நடந்த காட்சியில் பாராசூட் விரியவில்லை, அவர் உயிரிழந்தார். துணிச் சிறகு திசையைத் திருப்ப உதவும், இறங்கும் வேகத்தைக் குறைக்கப் போதாது என்பதை இந்த மரணங்கள் காட்டின.

மஞ்சள் வட்டமும் தொலைக்காட்சியும்

1943இல் கொலம்பியா நிறுவனம் பதினைந்து பகுதிகள் கொண்ட திரைத்தொடராகப் பேட்மேனை எடுத்தது. காகிதத்தில் உடலோடு ஒட்டியிருந்த உடை நிஜத் துணியில் சுருங்கித் தொங்கியது. 1964இல் பதிப்பாசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸும் ஓவியர் கார்மைன் இன்ஃபான்டினோவும் பேட்மேன் கதைகளைப் புதுப்பித்தபோது, மார்பிலிருந்த வௌவால் சின்னத்தைச் சுற்றி மஞ்சள் நீள்வட்டம் ஒன்று வந்தது. 1966 ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ஆடம் வெஸ்ட் தொடர், பளபளக்கும் மேலங்கியையும் பளிச்சென்ற வண்ணங்களையும் வீடுகளுக்குக் கொண்டுசென்றது. அந்த உடை வண்ணத் தொலைக்காட்சிக்கு ஏற்ப அமைந்தது. தோட்டாவைத் தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. தொடரின் நகைச்சுவைப் போக்கில் அந்தக் கேள்விக்கு இடமும் இல்லை.

கெவ்லாரும் 1986உம்

அந்தத் தொடர் ஒளிபரப்பாவதற்கு முந்தைய ஆண்டு, டூபாண்ட் ஆய்வகத்தில் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் கார் டயர்களுக்கு இலேசான, வலிமையான இழை தேடிக்கொண்டிருந்தார். 1965இல் அவருக்குக் கிடைத்த ஒரு கரைசல் வழக்கம்போல் கெட்டியாகவும் தெளிவாகவும் இல்லாமல், நீர்த்துப்போய் மோர் போலக் கலங்கியிருந்தது. இழை நூற்கும் கருவியின் நுண்துளைகள் அடைத்துவிடும் என்று அஞ்சி, கருவியைப் பார்த்துக்கொண்ட பணியாளர் அதை ஏற்கத் தயங்கினார். குவோலெக் விடாமல் கேட்டு நூற்க வைத்தார். கெவ்லார் பிறந்தது அப்படித்தான். எடைக்கு எடை அது எஃகைவிட ஐந்து மடங்கு வலிமையானது. 1970களின் நடுவில் அமெரிக்கக் காவலர்கள் கெவ்லார் கவசத்தைச் சட்டைக்குள் அணியத் தொடங்கினார்கள். சட்டைக்கு அடியில் மறைந்திருந்து தோட்டாவைத் தடுக்கும் துணி முதன்முறையாக அன்றாடப் பொருளானது.

1986இல் வெளிவந்த ஃபிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ இந்தப் புதிய அறிவைக் கதைக்குள் கொண்டுவந்தது. ஐம்பத்தைந்து வயதான பேட்மேன் அதில் மீண்டும் களமிறங்குகிறார். எதிரி சுடும் தோட்டா அவர் மார்பின் மஞ்சள் வட்டத்தில் பட்டு நின்றுவிடுகிறது. அதன் அடியில் கவசத் தகடு இருக்கிறது. தலையைக் கவசத்தால் மூட வழியில்லாததால், எதிரியின் குறியை மார்புக்கு இழுக்கவே அந்தப் பளிச்சென்ற சின்னம் என்று கதை விளக்குகிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அலங்காரமாக இருந்த வட்டத்துக்கு இவ்வாறு ஒரு பொறியியல் காரணம் கிடைத்தது. அதே கதையின் இறுதியில் சூப்பர்மேனோடு மோத அவர் கனமான இயந்திரக் கவசம் ஒன்றை அணிகிறார். அதற்கான மின்சாரத்தைத் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து, நகரத்தின் மின் வலையமைப்பிலிருந்தே எடுக்கிறார். இயந்திர உடைக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்காத மிகச் சில கதைகளில் இதுவும் ஒன்று.

1989: ரப்பர் கவசம்

டிம் பர்ட்டன் இயக்கிய 1989 திரைப்படத்தில் உடை வடிவமைப்பாளர் பாப் ரிங்வுட் இறுக்கத் துணியை முற்றிலும் கைவிட்டார். நடிகர் மைக்கேல் கீட்டனின் உடலை அச்செடுத்து, அதன்மேல் தசைகளைச் செதுக்கி, நுரை ரப்பரில் வார்த்துக் கறுப்பு உடையை உருவாக்கினார்கள். ரப்பர்ப் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்துச் செய்யும் பொருள் இது. எளிதில் கிழியும், நாளடைவில் இற்றுப்போகும். எனவே ஒரே படத்துக்குப் பல பிரதிகள் தேவைப்பட்டன.

திரையில் அது கவசம்போல் தோன்றியது. உள்ளே இருந்தவருக்கு வேறு அனுபவம். தலையும் கழுத்தும் தோளும் ஒரே வார்ப்பாக இருந்ததால் கீட்டனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. காதும் சரியாகக் கேட்கவில்லை. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் மேல் உடலையே திருப்பினார். அந்தக் கட்டுப்பாட்டைத் தன் நடிப்பின் பகுதியாக்கினார். பேட்மேனின் விறைப்பான, நிதானமான அசைவு அங்கிருந்து வந்தது. பாதுகாப்பைக் கூட்டினால் அசைவு குறையும் என்ற கவச உலகத்தின் பழைய விதியைப் படப்பிடிப்புத் தளம் நேரில் கண்டது.

எதிர்காலத்தை வரைந்த தொடர்

1999 ஜனவரியில் தொடங்கிய ‘பேட்மேன் பியாண்ட்’ கார்ட்டூன் தொடர் உடையை நேரடியாக எதிர்காலத்துக்கு எடுத்துச்சென்றது. புரூஸ் டிம், பால் டினி, ஆலன் பர்னெட் ஆகியோர் உருவாக்கிய இத்தொடரில் முதியவரான புரூஸ் வெய்னின் உடையை டெர்ரி மெக்கின்னிஸ் என்ற பள்ளி மாணவன் அணிகிறான். மேலங்கி கிடையாது. மெல்லிய கறுப்பு உடை உடலோடு ஒட்டியிருக்கும். கைகளுக்குக் கீழே சிவப்புச் சிறகுகள் விரியும். காலணியில் ஜெட் விசை. தசை வலிமையைப் பெருக்கும் அமைப்பு. சூழலோடு கலந்து மறையும் வசதி. தடித்த ரப்பர் உடைக்கு நேர் எதிராக, மெல்லிய துணியே இயந்திரமாகும் என்ற எண்ணத்தை இது முன்வைத்தது. வலிமையைத் தரும் உடை உள்ளே இருக்கும் உடலின் முதுமையை மறைக்காது என்பதையும் முதல் அத்தியாயமே சொன்னது. அந்த உடையை அணிந்து போராடும்போதுதான் புரூஸ் வெய்னுக்கு நெஞ்சுவலி வந்து, அவர் ஓய்வுபெறுகிறார்.

ராணுவக் கிடங்கிலிருந்து வந்த உடை

கிறிஸ்டோபர் நோலன் 2005இல் எடுத்த ‘பேட்மேன் பிகின்ஸ்’, உடை எங்கிருந்து வந்தது என்பதையே கதையின் ஒரு பகுதியாக்கியது. மார்கன் ஃபிரீமன் நடித்த லூசியஸ் ஃபாக்ஸ், வெய்ன் நிறுவனத்தின் கிடங்கில் தூங்கும் ராணுவ மாதிரி ஒன்றைக் காட்டுகிறார். நோமெக்ஸ் துணியில் தைத்து, கெவ்லார் சேர்த்து, மூட்டுகளை வலுப்படுத்திய போர்க்கள உடை அது. ஒரு வீரருக்கு 3 லட்சம் டாலர் செலவாகும் என்பதால் ராணுவம் வாங்கவில்லை. நோமெக்ஸ் கற்பனைப் பொருள் அல்ல. 1960களில் டூபாண்ட் உருவாக்கிய தீ தாங்கும் இழை. தீயணைப்பு வீரர்களும் பந்தயக் கார் ஓட்டுநர்களும் இன்றும் அதை அணிகிறார்கள். மின்சாரம் பாய்ந்ததும் விறைத்துச் சிறகு வடிவம் எடுக்கும் மேலங்கித் துணி மட்டும் கற்பனை.

2008இல் வந்த ‘தி டார்க் நைட்’ படத்தில் பேட்மேன் தலையைத் திருப்ப வசதி வேண்டும் என்று கேட்கிறார். உடை வடிவமைப்பாளர் லிண்டி ஹெமிங்கின் குழு, மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைப் போல் முகமூடியைக் கழுத்திலிருந்து பிரித்தது. வலைத்துணியின் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு துண்டுகளைப் பொருத்தி உடையை அமைத்தது. தகடுகள் பிரிந்திருப்பதால் அசைவு எளிதாகும், ஆனால் இடைவெளியில் கத்தியும் தோட்டாவும் நுழையலாம் என்று ஃபாக்ஸ் எச்சரிக்கிறார். இந்தப் பரிமாற்றம் நிஜத்திலும் உண்டு. தோட்டாவின் விசையைப் பரப்பித் தடுக்கும் நெய்த துணியில், கூரிய முனை இழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அதனால்தான் கத்திக்குத்தைத் தடுக்கும் கவசங்களைத் தனியாகச் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள்.

மேட் ரீவ்ஸ் இயக்கிய 2022 படத்தின் உடை, தொழிற்சாலைத் தயாரிப்பு போலன்றி, அணிபவர் தானே வெட்டிப் பொருத்தியது போன்ற தோற்றம் கொண்டது. மார்புச் சின்னத்தைக் கழற்றினால் அது கத்தி. உயரத்திலிருந்து குதிக்கும்போது மேலங்கிக்குப் பதிலாகச் சிறகு உடையும் பாராசூட்டும் பயன்படுகின்றன. பாராசூட் பாலத்தில் சிக்கி, பேட்மேன் சாலையில் உருண்டு அடிபடுகிறார். சோனின் காலத்திலிருந்து தொடரும் சிக்கலைத் திரை இப்படி ஒப்புக்கொண்டது.

ஆய்வுக்கூடங்களில் இருப்பவை

இனி வரப்போகும் உடைக்குத் தேவையான பகுதிகளில் பல, தனித்தனியாக ஏற்கெனவே உருவாகிவிட்டன.

மேலங்கியை எடுத்துக்கொண்டால், இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் ‘பேட்மேன் பிகின்ஸ்’ மேலங்கியைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 4.7 மீட்டர் அகலச் சிறகோடு 150 மீட்டர் உயரக் கட்டடத்திலிருந்து குதித்தால் சுமார் 350 மீட்டர் தூரம் மிதந்து செல்லலாம். ஆனால் தரையைத் தொடும் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் இருக்கும். உயிர் தப்புவது கடினம். பாராசூட் இல்லாமல் மேலங்கியால் மட்டும் தரையிறங்க முடியாது என்பதே முடிவு. விறைக்கும் துணிக்கு மட்டும் நம்பிக்கை தரும் வழி திறந்திருக்கிறது. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் கியாரா டராயோவும் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தின் யிஃபான் வாங்கும் 2021இல் ஒரு வளையத் துணியைக் காட்டினார்கள். முப்பரிமாண அச்சில் செய்த எண்முகத் துண்டுகளைச் சங்கிலிபோல் கோத்தது அது. உறைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சினால் துண்டுகள் ஒன்றோடொன்று இறுகி, துணி 25 மடங்கு விறைக்கும். காற்றை விட்டால் மீண்டும் தொளதொளக்கும்.

கவசத்தில் அடுத்த படி, டெலவேர் பல்கலைக்கழகத்தின் நார்மன் வாக்னர் குழுவும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும் உருவாக்கிய திரவக் கவசம். நுண்ணிய சிலிக்கா துகள்கள் கலந்த திரவத்தில் கெவ்லாரை ஊறவைப்பார்கள். மெதுவாக அசைத்தால் துணி வளையும். திடீரென்று அடித்தால் துகள்கள் நெருக்கிக்கொண்டு திரவம் ஒரு கணம் கெட்டியாகும். குறைந்த அடுக்குகளில் அதே பாதுகாப்பு கிடைப்பதால் மூட்டுகளுக்கு இது ஏற்றது. தோட்டா துளைக்காவிட்டாலும் அதன் மோதல் உடலைத் தாக்கும் என்பதை மறக்கக் கூடாது. காவலர் கவசத்துக்கான அமெரிக்கத் தர விதி, கவசத்தின் பின்புறம் 44 மில்லிமீட்டர் வரை அமுங்குவதை அனுமதிக்கிறது. விலா எலும்பு முறிய அந்த அமுக்கம் போதும்.

சுவர் ஏறுவதற்குப் பல்லியின் பாதம் வழிகாட்டியது. 2014இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், உள்ளங்கை அளவுள்ள ஒட்டுத் தகடுகளோடு 70 கிலோ எடையுள்ள ஒருவரைக் கண்ணாடிச் சுவரில் ஏறவைத்தார்கள். தோற்றத்தை மறைப்பதில் வெற்றி இன்னும் சிறியது. 2006இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு பொருளை மறைத்தது நுண்ணலைகளிலிருந்துதான். மனிதக் கண்ணிலிருந்து அல்ல.

தசை வலிமையைப் பெருக்குவதே கடினமான பகுதி. 1965இல் ஜெனரல் எலக்ட்ரிக் தொடங்கிய ஹார்டிமன் திட்டத்தில் உருவான இயந்திரச் சட்டகம் சுமார் 680 கிலோ எடை கொண்டது. அது கட்டுக்கடங்காமல் உதறியதால், மனிதரை உள்ளே வைத்து முழுமையாக இயக்கவே இல்லை. 2010இல் ரேதியான் காட்டிய எக்ஸ்ஓஎஸ் 2 மனிதரோடு இசைந்து இயங்கியது. ஆனால் ஆற்றல் வெளியிலிருந்து இணைப்பு வழியே வர வேண்டியிருந்தது. 2013இல் அமெரிக்கச் சிறப்புப் படைப் பிரிவு டாலோஸ் என்ற பெயரில் கவசம், விசை, கணினி எல்லாம் ஒன்றான போர் உடைக்குத் திட்டமிட்டது. 2019இல் அந்தத் திட்டம் முழு உடை ஆகாமலே முடிந்தது. அதன் சில பகுதிகள் மட்டும் தனித்தனிப் பயனுக்குச் சென்றன. அதே 2019இல் ஹார்வர்டு குழுவின் எளிய துணி உடை ஒன்று வேறு திசையைக் காட்டியது. இடுப்பிலும் தொடையிலும் கட்டிய பட்டைகளைச் சிறு மோட்டார் இழுக்கும். நடக்க ஆகும் உடல் ஆற்றலை அது 9.3 விழுக்காடும், ஓட ஆகும் ஆற்றலை 4 விழுக்காடும் குறைத்தது.

ஆற்றலும் வெப்பமும்

முழு உடை இன்னும் வராததற்குக் காரணம் எளிய கணக்கு. இன்றைய நல்ல லித்தியம் அயான் மின்கலம் ஒரு கிலோவுக்குச் சுமார் 250 வாட்-மணி ஆற்றல் தரும். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12,000 வாட்-மணி இருக்கிறது. ஓர் உடை சராசரியாக ஒரு கிலோவாட் செலவிட்டால், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நான்கு கிலோ மின்கலத்தைச் சுமக்க வேண்டும். மின்கலம் கூடினால் எடை கூடும். எடை கூடினால் அதைத் தூக்க இன்னும் மின்சாரம் வேண்டும். பெட்ரோல் எஞ்சினை முதுகில் கட்டினால் சத்தமும் சூடும் புகையும் சேரும். இருட்டில் ஒளிந்து செல்லும் நாயகருக்கு அது பயன்படாது.

வெப்பம் இரண்டாவது தடை. கடுமையாக உழைக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகிறது. கறுப்பு ரப்பருக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. விண்வெளி வீரர்களுக்கு நாசா கண்ட தீர்வு, சுமார் 90 மீட்டர் நீளச் சிறு குழாய்கள் பின்னிய உள்ளாடையில் குளிர்ந்த நீரைச் சுற்றவிடுவது. அதற்கும் மோட்டாரும் மின்சாரமும் வேண்டும்.

இந்தக் கணக்குகளின்படி நம்பத்தகுந்த அடுத்த உடை ரப்பர்ச் சிலையும் அல்ல, இரும்புச் சட்டகமும் அல்ல. குளிர்நீர் ஓடும் உள்ளாடை, மூட்டுகளில் திரவக் கவசம், மார்பிலும் முதுகிலும் மட்டும் கடினத் தகடு, தேவைப்படும் சில நொடிகளுக்கு மட்டும் இழுக்கும் இடுப்புப் பட்டைகள், தேவைக்கு விறைக்கும் மேலங்கி, அதற்குப் பின்னால் மடித்த ஒரு பாராசூட் ஆகியவை சேர்ந்த அடுக்கு உடையாகவே அது அமையும். பேட்மேன் பியாண்ட் வரைந்த மெல்லிய உடைக்கு அது நெருக்கம். ஆனால் அதைவிடத் தடிமனானது, அதைவிட மெதுவானது. புதிய உடையை வரைய முற்படுபவர்கள் சின்னத்தின் வடிவத்துக்கு முன்பு எடை, வெப்பம், மின்சாரம் என்ற மூன்று கணக்குகளையும் எழுதிப் பார்க்க வேண்டும். அவற்றுக்கு விடை சொல்லும் உடையைத்தான் வாசகர் நம்புவார்.